இடப்பக்க முறுக்கு

டீ நேரத்துக்கு மியோஷி உள்ளே வருவார், வந்ததும் கேட்டுவிட வேண்டியதுதான் என்று செண்பகவல்லி மறுபடியும் தீர்மானித்தாள். தீர்மானித்த கையோடு ஒரு கம்பியைப் பக்கத்துக் கம்பியோடு சேர்த்து இரண்டு சுற்று முறுக்கினாள். காலையிலிருந்து இதே தீர்மானம்தான். மடியிலிருந்த கரண்டி வளர்ந்துகொண்டே போக, தீர்மானம் மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஏப்ரன் பையில் கைக்குட்டை, கைக்குட்டைக்குள் பொடிப்பொடியாகச் செம்புக் கம்பித் துண்டுகள். துணியைத் தாண்டிக் குத்துகிற நீளம் அவற்றுக்குக் கிடையாது, ஆனாலும் தொடையில் குத்திக்கொண்டே இருந்தன. கியோத்தோவில் ஆற்றுக்குக் கிழக்கே, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய ஒரு சந்தில் இருந்தது மியோஷியின் பட்டறை. முன்பக்கம் கடை, பின்பக்கம் பலகை போட்ட அறை, அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். கம்பியைக் கையாலேயே பின்னிச் சமையலறைச் சாமான் செய்கிற இடம் அது. டீ வடிகட்டி, ரொட்டி வாட்டுகிற வலை, கொதிக்கிற சட்டியிலிருந்து டோஃபு என்கிற சோயாக் கட்டியை உடையாமல் தூக்குகிற வலைக்கரண்டி. அம்மாவிடம் போனில் இதையெல்லாம் விளக்க முடியாமல் 'கண்ணாப்பை பண்ணுதேன்' என்று சொல்லிவைத்திருந்தாள். 'காலேஜ் படிச்சிட்டு கண்ணாப்பை பண்ணவாட்டி அம்புட்டுத் தூரம் போன?' என்று கோவில்பட்டியிலிருந்து அம்மா கேட்டாள். போனது என்னவோ புருஷன் உலகநாதனுக்கு இங்கே வேலை கிடைத்ததால்தான். கண்ணாப்பை வந்து மாட்டிக்கொண்டது அதற்குப் பிறகு, ஒரு நாள் மழைக்கு இந்தக் கடைக்குள் ஒதுங்கியதில். ஒதுங்கியவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலோரத்தில் இரண்டு மெத்தைகள், எதிரெதிரே. ஒன்றில் அவள், இன்னொன்றில் அவளுக்கு மூத்தவள் ஹிஸாயே. வசந்தம் வந்ததும் பட்டறை இதைவிடச் சின்ன வீட்டுக்குப் போகிறது. அங்கே பின்னுகிறவர்களுக்கு ஒரு மெத்தைதான் போட இடமிருக்கிறதாம். யாருடையது அந்த மெத்தை என்று மியோஷி இன்னும் வாயைத் திறக்கவில்லை.

அதனால்தானே இத்தனையும். கரண்டியின் நடுவில் செவந்திப் பூ மலர்ந்து முடிந்திருந்தது. கம்பிகளெல்லாம் ஒரு மையத்திலிருந்து இதழ் இதழாகப் பிரிந்து வெளியே போகும், போகப் போக அடுத்தடுத்த கம்பியோடு முறுக்கி முறுக்கி ஆமையோட்டு வடிவ வலைக் கண்களாக விரியும். ஒரு கண் சிறுத்துவிட்டால் அடுத்த வட்டத்தில் அது காட்டிக்கொடுக்கும், அதற்கடுத்த வட்டத்தில் ஊருக்கே சொல்லும். விரல் நுனியில் கம்பி குளிர்ந்தது. இடது ஆள்காட்டி விரலின் ஓரத்தில், கம்பி எப்போதும் உரசுகிற இடத்தில், ஒரு வெடிப்பு. குளிர்காலம் முழுக்க அது ஆறவே ஆறாது. இடது கை. அவள் சோறு தின்பது வலது கையால், எழுதுவது வலது கையால், கும்பிட்டு விபூதி எடுப்பது வலது கையால், இதெல்லாம் அம்மா அடித்து அடித்துப் பழக்கியது. கம்பியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அம்மா அடித்துப் பழக்கவில்லை. ஆகவே கம்பி இடது கைக்குப் போனது, முறுக்கு இடப்பக்கமாக விழுந்தது. மற்ற எல்லோரும் முறுக்குவது வலப்பக்கம். கரண்டியைத் திருப்பிப் பார்த்தாலும் கவிழ்த்துப் பார்த்தாலும் முறுக்கின் பக்கம் மாறாது. வலது வலதுதான், இடது இடதுதான். வந்த புதிதில் மியோஷி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கண் ஒழுங்காக இருந்தால் போதும், எந்தக் கையென்று டோஃபுவுக்குத் தெரியாது என்று சிரித்தார். ஹிஸாயேயும் பார்த்தாள். 'அபூர்வமா இருக்கே' என்றாள். அபூர்வம். அந்த ஒரு வார்த்தையை செண்பகவல்லி வீட்டுக்குக் கொண்டுபோய் ராத்திரி முழுக்க உருட்டினாள். அபூர்வம் என்றால் அழகா, அல்லது நாங்கள் இப்படியெல்லாம் செய்வதில்லை என்பதா. இன்றைக்கு வரை அது ஒரு பக்கமாக விழவில்லை. போகட்டும். ஓரத்தை வளையத்தில் கட்டிவிட்டு மிச்சத்தை வெட்டும்போது நேர் நேரான நுனிகள்தான் விழும், முறுக்கு விழாது. பழைய கம்பி போடுகிற டின்னில் முறுக்கு கிடந்தால் யாரோ பின்னலையே வெட்டிப் போட்டிருக்கிறார்கள். போன வாரம் டின்னைக் குலுக்கி இடம் பண்ணும்போது முறுக்கு கிடந்தது. இடப்பக்க முறுக்கு. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். இந்தப் பட்டறையில் இடப்பக்கமாக முறுக்குகிற கை ஒன்றே ஒன்றுதான், அது அவள் தோளிலிருந்து தொங்குகிறது.

தோள். அது நினைவுக்கு வந்ததும் அவள் தோளை இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள். டின்னைப் பார்த்த நாளிலிருந்து இப்படித்தான், ஒருக்களித்து உட்கார்ந்து, கை எதிரே தெரியாதபடி மறைத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். கழுத்து பிடித்துக்கொண்டது, வெளிச்சம் பாதிதான் விழுந்தது, பரவாயில்லை. ஏனென்றால் ஹிஸாயே பார்க்கிறாள். புத்தாண்டு லீவு முடிந்து வந்ததிலிருந்தே பார்க்கிறாள். முகத்தைப் பார்க்காமல் கையையே பார்க்கிறாள். கம்பி எப்படிப் போகிறது, கட்டைவிரல் எப்போது திரும்புகிறது என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறாள். நிமிர்ந்தால் பார்வையை ஜன்னலுக்கு மாற்றிக்கொள்கிறாள். அவள் மட்டும் பின்னுவதே இல்லை. ஓரம் கட்டுவது, மூங்கில் பிடியில் கம்பி சுற்றுவது என்று லேசான வேலையாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, பின்னல் வேலையை வீட்டில் வைத்துச் செய்கிறேன் என்று கம்பிச் சுருளைத் துணிப்பையில் போட்டு எடுத்துப் போகிறாள். இரண்டு பேருக்கு நடுவே கண்ணுக்குத் தெரிய உழைக்கிறவள் ஒருத்தி, வீட்டில் உழைப்பதாகச் சொல்கிறவள் ஒருத்தி. இதில் தைலம் வேறு. கொஞ்ச நாளாகப் பக்கத்தில் வந்தாலே தைல வாசனை, ஏதோ இந்தப் பட்டறையையே தலையில் சுமக்கிற மாதிரி. வலது கையை மடியில் ஒரு துணிக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள், கேட்டால் குளிர் என்கிறாள். யாருக்குத்தான் குளிரவில்லை. அவளை ஒரு காலத்தில் மனதுக்குள் ஹிஸாயேக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது இப்போது செண்பகவல்லிக்கே வெட்கமாக இருந்தது. ஜப்பானிய மொழியில் எல்லோருக்கும் போல 'சான்' போட்டுக் கூப்பிட்டாலும் மனதுக்குள் அக்காதான். இங்கே யார் என்ன பேசினாலும் அவள் மண்டைக்குள் அது கோவில்பட்டித் தமிழாகத்தான் இறங்கும். அந்த அக்காவை டின்னைப் பார்த்த அன்றைக்கே பிடுங்கிப் போட்டாயிற்று.

"செண்பா-சான்," என்றாள் ஹிஸாயே, தலையைத் தூக்காமல். "உங்க கை இன்னைக்கும் ரொம்ப வேகமாப் போகுதே."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க," என்றாள் செண்பகவல்லி. அப்படித்தான் சொல்ல வேண்டும்.

வேகமாம். உள்ளே சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. வேகம் என்றால் என்ன. நன்றாகச் செய்கிறாய் என்பதா, அவசரப்பட்டுக் கெடுக்கிறாய் என்பதா, இன்னும் எத்தனை நாளைக்கு ஓடுவாய் பார்க்கலாம் என்பதா. இந்த ஊரில் வாயைத் திறந்து பாராட்டினால் பயப்பட வேண்டும் என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டாள். குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நிறுத்தி, உங்கள் வீட்டுச் சமையல் வாசனை தெருமுனை வரைக்கும் வருகிறது, எவ்வளவு பிரமாதம் என்றாள். செண்பகவல்லிக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே ஒரு டப்பா நிறையச் சாம்பார் கொண்டுபோய்க் கொடுத்தாள், மறுநாள் ரசம். டப்பாக்கள் கழுவித் துடைத்துக் காகிதத்தில் சுற்றித் திரும்பி வந்தன, கூடவே ஒரு பெட்டி இனிப்பும். உலகநாதனின் ஆபீஸில் ஒருவர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். அடடா, அது ஜன்னலைச் சாத்தச் சொன்னது என்றாராம். அன்றிலிருந்து ஜன்னல் சாத்தித்தான் தாளிப்பு. அன்றிலிருந்து யார் நல்லது சொன்னாலும் அதற்கு அடியில் கையை விட்டுத் துழாவுகிற புத்தியும் வந்துவிட்டது. வந்துவிட்டது என்ன, இருந்ததுதான், இங்கே வந்து சதை போட்டது. மூன்றாவது வட்டத்தில் ஒரு கண் லேசாக இழுத்துக்கொண்டிருந்தது. நகத்தால் அதை நெம்பிச் சரிசெய்தாள். கவனம் போகிறது. கவனம் போக வேண்டும் என்பதற்காகவேகூட அவள் அதைச் சொல்லியிருக்கலாம். வேகம் என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், இவள் முழி பிதுங்கி ஒரு கண்ணைக் கோணலாக்குவாள், மியோஷி பார்ப்பார். இப்படியும் ஒரு மனுஷி யோசிப்பாளா? யோசிக்கிறாளே, தானே இதோ யோசிக்கிறாளே.

அம்மாவின் மூக்கு அது. தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிகளை மரக் கட்டைச் சட்டங்களில் அடுக்கிக்கொண்டிருந்த காலத்தில் அம்மா அடுக்கி வைத்த கட்டைகள் குறைந்துகொண்டே வந்தன. பக்கத்தில் உட்கார்ந்து அடுக்குகிறவள் பேச்சியம்மா, வாய்க்கு வாய் மதினி என்று கூப்பிடுகிறவள், அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொண்டுவந்தவள். எல்லோரும் அம்மாவைத்தான் ஏசினார்கள், உனக்கு எண்ணத் தெரியவில்லை, அந்தப் பிள்ளையைச் சொல்லாதே என்று. அம்மா யாரிடமும் வாதாடவில்லை. கட்டையின் மூலையில் ஆணியால் ஒரு கோடு கிழித்து வைத்தாள், அவ்வளவுதான். கோடு போட்ட கட்டை பேச்சியம்மாவின் அடுக்கிலிருந்து வந்தது. அம்மா அதைக் கணக்கப்பிள்ளை முன்னால் தூக்கிக் காட்டிய விதத்தை ஊரே பேசியது, சின்னப் பிள்ளையாயிருந்த செண்பகவல்லி வாசலில் நின்று பார்த்தாள், அம்மாவின் கை எவ்வளவு உயரம் போயிற்று என்று இப்போதும் நினைவிருந்தது. பேச்சியம்மாவின் முகம் மட்டும் நினைவில்லை. 'ஏம் மூக்குக்கு ஒருக்காத் தெரிஞ்சா தெரிஞ்சதுதாண்டி' என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள், மறுத்துப் பேச யாராலும் முடியாது, மூக்கு சரியாகத்தானே சொன்னது. சிரித்துக்கொண்டே கஞ்சி கொண்டுவருகிறவளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஹிஸாயேயும் கொண்டுவந்திருக்கிறாள். கஞ்சி இல்லை, பேரிக்காய். போன இலையுதிர் காலத்தில் செண்பகவல்லி இருமிக்கொண்டிருந்தபோது தோல் சீவி, விதை எடுத்து, துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டிலும் ஒரு குச்சி குத்தி. இப்போது நினைத்தால் அந்தப் பேரிக்காய்கூடத் தொண்டையில் நின்றது.

வெளியே சந்து முனையில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்று, யாரோ பேசி, போயிற்று. கெட்டில் முனக ஆரம்பித்திருந்தது. பிறகு முழுசாக ஒரு கரண்டியே காணாமல் போனது. அதுதான் முத்தாய்ப்பு. முடித்த சாமான்களை ஜன்னலுக்கு மேலே ஒரு கழியில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள், மியோஷி வந்து எடுத்துப் போய்க் கடையில் வைப்பார். வெள்ளிக்கிழமை செண்பகவல்லி முடித்தது நல்ல கரண்டி. அவளே சொல்லக்கூடாது, ஆனால் கை சில நாள் அப்படி அமைந்துவிடும். செவந்தி அப்படி வட்டம், கண்கள் அப்படி ஒரே மாதிரி, தொங்கவிட்டபோது சுவரில் அதன் நிழல்கூட நெளியவில்லை. திங்கட்கிழமை கழியில் அது இல்லை, கடைக்குப் போய்ப் பார்த்தாள், அங்கேயும் இல்லை. விற்றிருக்கலாம். விற்றதா என்று மியோஷியிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார், ஏன் என்றால் சொல்ல வேண்டும், சொன்னால் ஒரு மெத்தைக்காக இன்னொருத்தியைப் போட்டுக்கொடுக்கிற வெளிநாட்டுக்காரியாகத் தெரிவாள். அதற்கு பதிலாக டின்னைக் கிளறினாள். இடப்பக்க முறுக்குத் துண்டுகள் இன்னும் இருந்தன. நல்ல கரண்டியை எடுத்து, வெட்டி, பொடியாக்கி, பழைய செம்போடு போட்டிருக்கிறாள். மியோஷி நாளைக்குக் கழியைப் பார்க்கும்போது, செண்பா-சான் இந்த மாதம் கம்மிதான் என்று நினைப்பார். அவ்வளவு போதும் அவளுக்கு. அன்றைக்குத்தான் துண்டுகளைக் கைக்குட்டையில் அள்ளி முடிந்தாள், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஒவ்வொன்றையும் நின்று பார்க்காமல் மொத்தமாக மடித்து உள்ளே போட்டாள். இன்று மத்தியானம், ஹிஸாயே தபால் போட வெளியே போன நேரத்தில், அதைவிட மோசமான காரியம் ஒன்றும் செய்தாள். ஹிஸாயேயின் இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே கம்பி வெட்டும் குறடு, மூக்குக் கண்ணாடி, ஒட்டிக்கொள்கிற தைலப் பட்டைகள் ஒரு கட்டு, பாதி சாப்பிட்ட பிஸ்கட். கரண்டி இல்லை. இழுப்பறையை மூடியபோது, பிடிபட்டது தான்தானோ என்று இருந்தது.

"நேரா கேட்டுத் தொலைய வேண்டியதானேட்டி," என்று நேற்று உலகநாதன் சொன்னான், தட்டில் தயிரை ஊற்றிக்கொண்டே. "அவங்க எதுக்கு உன் சாமான வெட்டப் போறாங்க? பால் பாக்கெட்டு உப்பலா இருந்தாக்கூட எவனோ ஊதிப் பாத்திருக்காம்பியே நீ."

"முறுக்கு என்னோடதுங்க. எனக்குத் தெரியாதா என் முறுக்கு?"

"எடது பக்கமா முறுக்கினா உன்னோடதா?"

"வேற யாரு இருக்கா?"

அவன் தயிரை நக்கினான், சரி அப்போ கேளு, கேட்டுட்டு வேலை போனாலும் வந்து அழாதே என்றான். அவள் வேலை பொழுதுபோக்கு என்று அவனுக்கு எண்ணம். வீட்டில் இருந்தால் அவள் பேசாமல் இருக்கிறாள், பட்டறைக்கு வந்தால் பேசாமல் இருந்தாலும் ஏதோ பேசிக்கொண்டிருந்த மாதிரி இருக்கிறது, அதை அவனிடம் எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. இந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த இடமே இந்த மெத்தை அகலம்தான். ரயிலில் அவள் பக்கத்து சீட் கடைசியில்தான் நிரம்பும், கடைகளில் அவளைப் பார்த்ததும் கையால் ஜாடை காட்டிப் பேசுவார்கள், ஆஸ்பத்திரியில் அவள் பெயரைப் பாதி கூப்பிட்டு விட்டுவிடுவார்கள். இங்கே மட்டும் அவள் உட்கார்ந்தால் கம்பி அவளுடைய கம்பி, கண் அவளுடைய கண், அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒருவர் தலையாட்டுவார். இது போய்விட்டால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தாளிக்கலாம், அவ்வளவுதான். அதை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாள் எதிரே இருப்பவள். எடுக்கட்டும் பார்க்கலாம். அவள் கடைசி வட்டத்தை முடித்துக் கம்பியை மடக்கினாள். கை உறுதியாக இருந்தது. அம்மாவின் கை போன உயரத்தை நினைத்துக்கொண்டாள்.

திரைத் துணியை விலக்கிக்கொண்டு மியோஷி உள்ளே வந்தார், தட்டில் பச்சை நிற அரிசி இனிப்புகள். நாற்பதைத் தாண்டிய மனிதர், எதையும் உரக்கச் சொல்லமாட்டார், காலில் எப்போதும் ஒரே கம்பளிக் காலுறை. பழைய கம்பி வாங்குகிறவர் இன்று வருகிறார், டின்னைக் கொட்டிவிடலாம் என்றார். அப்படியானால் இப்போதே. ஹிஸாயே கெட்டிலை எடுத்து டீ ஊற்றினாள், கெட்டிலின் மூக்கு கோப்பையைத் தாண்டித் தட்டில் கொஞ்சம் சிந்தியது, ஐயோ என்று துணியால் ஒற்றினாள். செண்பகவல்லி பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, முடிச்சைப் பிரித்து, இனிப்புத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்த சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாகக் கேட்டது.

"இது டின்னுல கிடந்துச்சு," என்றாள். அடுத்து சொல்ல வேண்டிய வாக்கியம் காலையிலிருந்து நாக்கில் தயாராக இருந்தது, யார் வெட்டினாங்கன்னு எனக்குத் தெரியணும் என்று. அதற்குள் மியோஷி ஒரு துண்டை எடுத்துவிட்டார்.

அவர் அதை ஜன்னல் பக்கம் பிடித்தார். "இடப்பக்க முறுக்கு," என்றார், மெதுவாக. இன்னொன்றை எடுத்தார். "ஆனா தொளதொளன்னு இருக்கே. இங்க ஒரு சுற்றுதான் விழுந்திருக்கு, இங்க மூணு. இந்தக் கண்ணு கிழக்கே போகுது, இது மேற்கே போகுது." முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை, புரியவில்லை என்பது மட்டும் இருந்தது. செண்பகவல்லியும் அப்போதுதான் பார்த்தாள். அவர் விரலுக்கு நடுவே இருந்த துண்டையும் தன் மடியில் கிடந்த கரண்டியையும் பார்த்தாள். இத்தனை நாள் அந்தத் துண்டுகளை வைத்துக்கொண்டு முறுக்கு எந்தப் பக்கம் என்று பார்த்தாளே தவிர முறுக்கு எப்படி என்று பார்க்கவே இல்லை. இது அவள் முறுக்கு இல்லை. இது கம்பியைப் பிடிக்கவே தெரியாத ஒரு இடது கை, பழகுகிற கை, விடாமல் பழகுகிற கை. கெட்டிலின் மூக்கு ஏன் தவறியது. ஹிஸாயே ஊற்றியது இடது கையால். வலது கை மடியில் துணிக்கு அடியில் கிடந்தது, காலையிலிருந்து கிடந்தது, புத்தாண்டிலிருந்து கிடந்தது. தைலம், பட்டைகள், வீட்டுக்குப் போகிற கம்பிச் சுருள், எதிரேயிருந்து கையையே பார்க்கிற கண். வீட்டுக்குக் கொண்டுபோன கம்பியில் துணுக்குகூட மிச்சம் வைக்கக்கூடாது, வெட்டி எறிந்தது வரைக்கும் திரும்ப வந்து டின்னில் விழ வேண்டும் என்பது இந்தப் பட்டறையின் வழக்கம். வந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். வழக்கத்தை மீறத் தெரியாதவள் கெட்டுப்போன ஒவ்வொரு துண்டையும் பொறுக்கித் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். சிந்திய டீயை ஒற்றியதில் மடித்துணி விலகியிருந்தது. அதற்கு அடியிலிருந்து வெள்ளிக்கிழமைக் கரண்டியின் விளிம்பு தெரிந்தது, முழுசாக, ஒரு கண்கூடக் கோணாமல். ஒரு முறுக்கில் மட்டும், இது வரைக்கும் பார்த்தாயிற்று என்கிற மாதிரி, சிவப்பு நூல் ஒன்று கட்டியிருந்தது.

"யாரோடது இது?" என்றார் மியோஷி.

ஹிஸாயே கெட்டிலைக் கீழே வைத்தாள். மியோஷியை அவள் பார்க்கவில்லை. செண்பகவல்லியைத்தான் பார்த்தாள், அந்த முகத்தில் ஒரு வேண்டுதலும் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. சும்மா இருந்தால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டாம், கையைத் தூக்கிக் காட்ட வேண்டாம், சும்மா இருந்தாலே அவர் இன்னும் கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார், கை வராதவளுக்கு மெத்தை எதற்கு, புது வீட்டின் ஜன்னல் உனக்குத்தான். பேச்சியம்மாவின் முகம் எப்படி இருந்தது? இப்படியா? இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம், அவள் திருடினாள், இவள் பழகினாள், ஆனால் முகம் இப்படித்தான் இருந்திருக்கும். இன்னொரு குரலும் கேட்டது, இரண்டாம் வகுப்பு டீச்சருடையது, சிலேட்டுகளைப் பார்த்துக்கொண்டே வருகிற குரல், யாரு இங்க நொட்டாங்கை? அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் எப்போதும் இருந்தது, யோசிக்க வேண்டியதே இல்லை, கேட்டதும் கை தானாக மேலே போய்விடும், பிரம்புக்கு.

"என்னோடதுதான்," என்றாள் செண்பகவல்லி.

மியோஷி அவளைப் பார்த்தார்.

"கொஞ்ச நாளாக் கை சரியில்லீங்க. வீட்டுல பின்னிப் பாத்தேன். சரியா வரல, வெட்டிட்டேன். சொல்லாம டின்னுல போட்டது தப்பு, அதான் எடுத்துக் காட்டினேன்." சொல்லச் சொல்ல அது ஒழுங்காக வந்து விழுந்தது. பொய் இவ்வளவு சரளமாக ஜப்பானிய மொழியில் வரும் என்று அவளுக்கே தெரியாது.

"அப்படியா," என்றார் அவர். துண்டைக் கைக்குட்டையில் திரும்ப வைத்தார், நேராக, ஏதோ உடையக்கூடியதைப் போல. "தூரத்துலேருந்து தினமும் வர்றீங்க, பாவம். நல்லா ஓய்வெடுத்துக்கங்க, செண்பா-சான். உடம்புதான் முக்கியம்."

இதற்குச் சக்கரம் சுற்றவேயில்லை. இந்த ஊருக்கு வந்து முதல்முறையாக ஒரு நல்ல வார்த்தையின் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்ட மாத்திரத்திலேயே தெரிந்தது, புது வீட்டின் மெத்தை அவளுக்கு இல்லை. அவர் கைக்குட்டையை டின்னில் கவிழ்த்து உதறி, மடித்து அவளிடம் கொடுத்துவிட்டு, டின்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். செம்பு சலசலவென்று சந்து வரைக்கும் கேட்டது. அவளுக்கு அழுகை வந்தது, கூடவே தன் மேல் எரிச்சலும். ஏண்டி, உனக்கென்ன வந்தது, அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வாய், உலகநாதன் வேறு சிரிப்பான். டீ ஆறிக்கொண்டிருந்தது.

ஹிஸாயே இனிப்புத் தட்டை இந்தப் பக்கம் தள்ளினாள், இடது கையால். ஆள்காட்டி விரலின் ஓரத்தில், செண்பகவல்லிக்கு எங்கே இருந்ததோ அதே இடத்தில், அதே வெடிப்பு இருந்தது. பிறகு மடியிலிருந்து கரண்டியை எடுத்து, சிவப்பு நூலை அவிழ்க்காமல், இருவருக்கும் நடுவில் பலகையில் வைத்தாள்.

"செண்பா-சான்," என்றாள். "உங்க கை உண்மையிலேயே வேகம்."

செண்பகவல்லி அதைப் புரட்டிப் பார்த்தாள். நன்றி என்பதா. மன்னித்துக்கொள் என்பதா. யாரைக் கேட்டு அவசரப்பட்டுச் சொன்னாய், பைத்தியக்காரி என்பதா. ஒருவேளை இதற்காகவேதான் அந்தத் துண்டுகள் மூடாத டின்னில், அவள் கண்ணில் படும்படி, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வந்து விழுந்தனவா? சீச்சீ. ஆனால் இருக்கலாமே. எதிரே இருந்த முகத்தைப் பார்த்தாள், அதில் எழுத்து ஒன்றும் இல்லை. இனி எத்தனை ராத்திரி உருட்டினாலும் இது ஒரு பக்கமாக விழப்போவதில்லை என்று தெரிந்தது. இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். வசந்தத்துக்கு இன்னும் நாள் இருந்தது. புதிதாக ஒரு கட்டுக் கம்பியை எடுத்துப் பிரித்தாள், கழுத்து வலித்தது, பல நாளாகத் திருப்பி வைத்திருந்த தோளை நேராக்கி ஜன்னலைப் பார்க்க உட்கார்ந்தாள். வெளிச்சம் முழுசாகக் கையில் விழுந்தது.

"பாருங்கக்கா," என்றாள் தமிழில், வாய்விட்டு. முதல் முறுக்கை மெதுவாக முறுக்கினாள்.